ஞாயிறு இரவு எட்டேகால்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஜெர்மனியின் சிற்றூர்த் துப்பறியும் படங்களைப் பற்றி நான் எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆசிரியர், "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்று மொத்தக் கட்டையும் எனக்கே அனுப்பிவிட்டார். நான் சினிமா விமர்சகர் இல்லை. மூன்ஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். ஞாயிறு மாலை ஷிஃப்ட் எனக்கு விழுந்தால், இரவு மாத்திரைகளை எட்டேகாலுக்குள் கொடுத்து முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு போய் நின்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், மாத்திரைக்கும் சரி, பேச்சுக்கும் சரி. பொது அறை டி.வி.யில் அப்போது ஞாயிறு துப்பறியும் படம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்ததில் பாதி, அந்த அறையின் பின்வரிசையில் நின்றபடி தெரிந்துகொண்டது.

கேள்வி: அக்கா, ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் ஊர். பெர்லின், மியூனிக் எல்லாம் இருக்கும்போது, யாரும் கேள்விப்படாத ஊர்களில் போய் ஏன் கதை வைக்கிறார்கள்? இயக்குநர்களின் ரசனையா? (விஸ்காம் மாணவி)

பதில்: ரசனை கொஞ்சம்தான் தங்கச்சி, மீதியெல்லாம் ஏற்பாடு. இந்தப் படங்களைப் போடும் பொது ஒளிபரப்பான ஏ.ஆர்.டி. என்பதை ஒரே சேனல் என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒன்பது பிராந்திய ஒளிபரப்பு நிறுவனங்களின் கூட்டு. பவேரியாவுக்கு ஒன்று, கொலோனில் ஒன்று, ஹாம்பர்கில் ஒன்று, லைப்ஸிக்கில் ஒன்று, சின்னஞ்சிறு சார்லாந்துக்குக்கூடத் தனியாக ஒன்று. நாஜிகள் பெர்லினில் உட்கார்ந்துகொண்டு மொத்த நாட்டின் வானொலியையும் ஒரே குரலில் பேச வைத்தார்கள் அல்லவா? போருக்குப் பிறகு அது மறுபடி ஒரே கையில் போகக் கூடாது என்று பிரித்து வைத்தார்கள். 1950-இல் இந்தக் கூட்டு உருவானது.

அப்புறம் காசு. இங்கே ஒவ்வொரு வீடும் மாதம் 18 யூரோ 36 சென்ட் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுகிறது. வீட்டில் டி.வி. இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. மியூனிக்கில் மாடி வீட்டில் இருப்பவரும் எங்கள் ஊரில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவரும் கட்டுவது ஒரே தொகை. கட்டுகிறவர், "என் ஊர் எங்கே?" என்று கேட்பாரா மாட்டாரா?

1969-இல் போட்டி நிறுவனமான இசட்.டி.எஃப்., மியூனிக்கை வைத்து ஒரு துப்பறியும் தொடரை இறக்கி, நாட்டையே டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டது. ஏ.ஆர்.டி. பதிலுக்கு என்ன செய்வது? கொலோன் நிறுவனத்தில் இருந்த குன்தர் விட்டே என்பவர் ஒரு யோசனை சொன்னார். நம்மிடம் ஒரே பெரிய நகரம் இல்லை, பல நிறுவனங்கள் இருக்கின்றன, அதையே பலமாக்குவோம். ஒவ்வொரு நிறுவனமும் தன் மண்ணில், தன் அதிகாரியை வைத்து, தன் படத்தை எடுக்கட்டும். தலைப்பு மட்டும் பொது: 'டாட்டோர்ட்', அதாவது குற்றம் நடந்த இடம். 1970 நவம்பர் 29 அன்று முதல் படம் வந்தது. இன்றுவரை அதே ஏற்பாடுதான். ஆண்டுக்கு முப்பதுக்கு மேல் புதுப் படங்கள். கொலோன் நிறுவனம் பெரியது என்பதால் கொலோன், டார்ட்மண்ட், மூன்ஸ்டர் என்று மூன்று ஊர்களை வைத்திருக்கிறது. சின்ன நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டோடு சரி.

போதாததற்கு, மாநிலங்களின் திரைப்பட நிதி அமைப்புகள் பணம் கொடுக்கும்போது, "இந்தப் பணத்தை எங்கள் மாநிலத்திலேயே செலவழி" என்று நிபந்தனை போடுகின்றன. ஹோட்டல் அறை, தச்சர் கூலி, சாப்பாடு எல்லாம் உள்ளூரில். காமிரா வேறு எங்கே போகும்?

இன்னொரு வேடிக்கை. அந்தத் தொடக்கக் காட்சி 1970-இலிருந்து கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இரண்டு கண்கள், குறிவட்டம், ஓடும் கால்கள். கண்ணும் காலும் ஹோர்ஸ்ட் லெட்டன்மாயர் என்ற நடிகருடையவை. அன்று அவருக்குக் கிடைத்தது 400 மார்க். எத்தனை ஞாயிறு ஓடியிருப்பார் மனிதர், பாவம்!

கேள்வி: மேடம், நான் காவல்துறையில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவன். படத்தில் இரண்டு பேர் ஒரு காரில் ஏறி, நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் கொலை வழக்கு முடிந்துவிடுகிறது. அங்கே நிஜமாகவே இப்படித்தானா?

பதில்: இல்லை ஐயா. நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று தெரியும். எங்கள் இல்லத்திலும் ஒரு முன்னாள் காவலர் இருக்கிறார். படம் ஓடும் தொண்ணூறு நிமிடமும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், ஆனால் ஒரு வாரம்கூடத் தவற விட மாட்டார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் கொலை விழுந்தால், உள்ளூர் நிலையத்துக்கு அதில் பெரிய வேலையே இல்லை. நாடா கட்டுவது, வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குவது, அவ்வளவுதான். மூன்ஸ்டர் தலைமையகத்திலிருந்து கொலைப் பிரிவு ஒரு குழுவாக வந்து இறங்கும். இரண்டு பேர் இல்லை, பெரிய பட்டாளம். அதற்கும் மேலே அரசு வழக்கறிஞர் இருக்கிறார். சட்டப்படி விசாரணைக்குத் தலைமை அவர்தான். போலீஸ் அவர் சார்பில் வேலை செய்கிறது. படங்களில் பெரும்பாலும் அரசு வழக்கறிஞர், "நாளைக்குள் ஆளைக் கொண்டு வா" என்று அலுவலகத்தில் கத்திவிட்டுப் போகிறவராக வருவார். மூன்ஸ்டர் படங்களில் வரும் அரசு வழக்கறிஞர் அம்மாவைப் பார்த்தீர்களா? கனத்த குரல், விரலிடுக்கில் சிகரெட். அவர் வாயைத் திறந்தாலே எங்கள் பொது அறையில் ஒரு சலசலப்பு.

கைது விஷயத்தில் படங்கள் பரவாயில்லை. பிடித்தவரை மறுநாள் முடிவதற்குள் நீதிபதி முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அந்த அதிகாரிகள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். அது நாடகத்துக்காகச் சேர்த்தது இல்லை.

பிரேதப் பரிசோதனைதான் பெரிய புளுகு. சட்டப்படி இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து செய்ய வேண்டியது. மூன்ஸ்டர் படத்தில் பேராசிரியர் போர்னே, உடலை அறுத்த கையோடு சாட்சியைப் பார்க்கப் போகிறார், சந்தேக நபரோடு மது அருந்துகிறார், வழியில் அதிகாரி டீலின் வேலையையும் பார்த்துவிடுகிறார். நிஜத்தில் ஒரு மருத்துவர் அப்படிச் செய்தால் வழக்கு நீதிமன்றப் படியைத் தாண்டாது. இது போதாதென்று இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம், மருத்துவர்தான் வீட்டுக்காரர்! 2002-இலிருந்து இந்தக் குடித்தனச் சண்டை நடக்கிறது. 2017-இல் ஒரே ஒரு படத்தை 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். எட்டுக் கோடிச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டில்.

கொலைகளைத் துப்புத் துலக்குவதில் மட்டும் படமும் நிஜமும் ஒத்துப்போகின்றன. இங்கே பதிவாகும் கொலை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். காரணம் மேதைமை இல்லை. பெரும்பாலும் கொன்றவர், இறந்தவருக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார்.

உங்கள் மாதிரி ஆட்களுக்கென்று ஒரு விஷயம் சொல்கிறேன். அடுத்த முறை கார்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். முதல் எழுத்துகள் வண்டி பதிவான மாவட்டத்தைக் குறிக்கும். பெரிய நகரம் என்றால் ஓர் எழுத்து, பெர்லினுக்கு 'பி', கொலோனுக்கு 'கே'. மூன்ஸ்டருக்கு 'எம்.எஸ்.'. சுற்றியுள்ள கோஸ்ஃபெல்ட் மாவட்டம் என்றால் 'சி.ஓ.இ.', வாரன்டார்ஃப் என்றால் 'டபிள்யூ.ஏ.எஃப்.'. சின்ன ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிளேட்டைப் பார்த்துவிடுவார்கள். காட்டுப்பாதையில் ஒரு கொலோன் வண்டி நிற்கிறது என்று காமிரா அரை விநாடி காட்டினால் போதும், எங்கள் பாட்டிகளுக்குக் கதை புரிந்துவிடும். எனக்கு அது பிடிபடவே நாளாயிற்று.

கேள்வி: துப்பாக்கிச் சண்டை இல்லை, கார் துரத்தல் இல்லை. தொண்ணூறு நிமிடம் எப்படித் தூங்காமல் பார்க்கிறார்கள்?

பதில்: சிலர் தூங்கத்தான் செய்கிறார்கள். ஒன்பதே முக்காலுக்கு எழுந்து, "யார் கொன்றது?" என்று என்னைக் கேட்பார்கள். நடுவில் விளம்பரம் கிடையாது. பொது ஒளிபரப்பில் இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் விளம்பரம் போடக் கூடாது. எழுந்து போகச் சாக்கு இல்லாததும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் ஊரைக் கொலைகாரர்கள் ஊராகக் காட்டினால் போஸ்டரைக் கிழித்துவிடுவார்கள். அங்கே யாரும் கோபப்படுவதில்லையா? (வங்கி ஊழியர்)

பதில்: கோபப்பட்ட காலம் உண்டு. 1981-இல் டாட்டோர்ட் கதையில் டூயிஸ்பர்க் நகரத்துக்கு ஷிமன்ஸ்கி என்ற அதிகாரி வந்தார். கசங்கிய ஜாக்கெட், கெட்ட வார்த்தை, பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடிப்பது. பின்னால் எஃகு ஆலைப் புகை. 'எங்கள் ஊர் என்றால் அழுக்கும் அடிதடியும்தானா?' என்று உள்ளூரில் பெரிய எரிச்சல். 1991-இல் அவர் டாட்டோர்ட்டிலிருந்து விலகினார். பிறகு என்ன ஆயிற்று? இன்று அதே டூயிஸ்பர்க்கின் துறைமுகப் பகுதியில் ஒரு சந்துக்கு ஹோர்ஸ்ட் ஷிமன்ஸ்கி பெயர். பிறக்காத மனிதருக்குத் தெருப்பெயர்!

இப்போது ஊர்கள் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டன. மேல் பவேரியாவில் ரோசன்ஹைம் என்று ஓர் ஊர். அங்கே நடக்கும் இசட்.டி.எஃப். தொடரில் போலீஸ் தலைமையகமாகக் காட்டப்படும் கட்டடம் உண்மையில் நகராட்சி மன்றம். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே யாரோ வரி கட்ட வரிசையில் நிற்பார். கீழ் பவேரியாவில் ஃப்ரொன்டென்ஹவுசன் என்ற ஊரில், எபர்ஹோஃபர் என்ற கிராமத்துப் போலீஸ்காரரின் கதைகளைப் படமாக்குகிறார்கள். முதலில் தியேட்டரில் வந்து, பிறகு டி.வி.க்கு வருபவை. அந்தப் போலீஸ்காரர் சுற்றிச் சுற்றி வரும் ரவுண்டானாவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கதையில் அந்த ஊரின் பெயர் வேறு, அது கற்பனை. ரவுண்டானா மட்டும் நிஜம்.

கற்பனைப் பெயர் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஐஃபெல் மலைப்பகுதியில் 'ஹெங்காஷ்' என்று ஓர் ஊர் தொடர் ஒன்றில் வருகிறது. கொலோனில் பதவி உயர்வை எதிர்பார்த்திருந்த பெண் அதிகாரியை அங்கே மாற்றிவிடுகிறார்கள். அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. படம் பிடித்ததும் பெரும்பாலும் கொலோனுக்குக் கிழக்கே உள்ள வேறு ஊர்களில். மேயர் லஞ்சம் வாங்குகிறார், பாதிரியார் பொய் சொல்கிறார் என்று எழுதலாம், எந்த மேயரும் வழக்குப் போட முடியாது.

நிஜப் பெயர் வைத்தால் வேறு வகைச் சங்கடம். மூன்ஸ்டர் படங்களில் பெரும்பகுதியைக் கொலோனிலும் அதைச் சுற்றியும்தான் எடுக்கிறார்கள். குழுவும் ஸ்டூடியோவும் அங்கே இருப்பதால் செலவு குறைவு. மூன்ஸ்டருக்குச் சில நாட்கள் வந்து, பிரின்ஸிபால்மார்க்ட் கடைத்தெரு வளைவுகள், சைக்கிள் கூட்டம், லாம்பெர்டி தேவாலயக் கோபுரம் என்று அடையாளங்களை அள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் இல்லத்தில் மூன்ஸ்டர் நகரப் பேருந்து ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார். கார் பிரின்ஸிபால்மார்க்டிலிருந்து இடப்பக்கம் திரும்பி, அடுத்த ஷாட்டில் ஏதோ ஒரு தெருவில் நிற்கும். "அங்கே இடப்பக்கம் திரும்பவே முடியாது! இது கொலோன்!" என்று கைத்தடியால் தரையைத் தட்டுவார். மற்றவர்கள் 'உஷ்' என்பார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டுவார். கொலைகாரன் யார் என்பதில் அவருக்கு ஆர்வமே கிடையாது. அவரிடம்தான் நான் மூன்ஸ்டரின் ஒருவழிப் பாதைகளைக் கற்றுக்கொண்டேன்.

அந்த லாம்பெர்டி கோபுரத்தில் மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது செட் இல்லை. 1536-இல் மூன்று மதக் கிளர்ச்சித் தலைவர்களைச் சித்திரவதை செய்து கொன்று, உடல்களை அந்தக் கூண்டுகளில் போட்டு, ஊரே பார்க்கத் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்றும் அங்கேதான். கீழே மக்கள் காபி குடிக்கிறார்கள். இப்படி ஓர் ஊரைப் பார்த்து, "இங்கே கொலைக் கதையா, சேச்சே" என்று சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நாலைந்து படம் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. வேடிக்கையான கிராமத்தான், பீர், பசுமாடு, கடைசியில் யாரோ ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். இதில் என்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன் சார். நீங்கள் பார்த்தது 'சிரிப்புக் கொலை' ரகம். பிணத்துக்குப் பின்னால் தூபா என்ற பெரிய ஊதுகருவியை வாசிப்பார்கள், மாடு காமிராவைப் பார்க்கும், கிராமத்தான் எல்லாரும் அரைக் கிறுக்கு. நகரத்தில் எழுதி, கிராமத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிற கதை. எனக்கும் அது பிடிக்காது. எங்கள் இல்லத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்த பாட்டி அதைப் பார்த்தால், ரிமோட்டைத் தேடுவார்.

ஆனால் நல்ல படம் என்று ஒன்று இருக்கிறது. அதை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கொலைக்குக் காரணம் அந்த ஊரில் மட்டும்தான் நடக்க முடியும் என்று இருக்க வேண்டும். உதாரணத்துக்கு நிலம்.

இங்கே ஊருக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்டிவிட முடியாது. ஊர் மன்றம் கூடி, "இந்தப் பகுதி இனி வீட்டுமனை" என்று திட்டம் போட்டு நிறைவேற்ற வேண்டும். அந்த வரைபடத்தை ஒரு மாதம் எல்லாரும் பார்க்கும்படி வைப்பார்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். ஒரு கோடு ஒருவருடைய வேலிக்கு இந்தப் பக்கம் போனால் அவர் கோடீஸ்வரர். அந்தப் பக்கம் போனால் உருளைக்கிழங்குதான். அந்தக் கோட்டைப் போடுகிற மன்றத்தில் இருப்பவர்கள் யார்? மருந்துக் கடைக்காரர், தீயணைப்புத் தொண்டர் படைத் தலைவர், துப்பாக்கி சுடும் கழகத் தலைவர், கட்டட ஒப்பந்தக்காரரின் மைத்துனர். எல்லாரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே மேசையில் பீர் குடிப்பவர்கள். இங்கே துப்பாக்கியே தேவையில்லை, வரைபடம் போதும்.

இன்னொன்று வாரிசு. வடக்கில் சில மாநிலங்களில், எங்கள் மாநிலமும் சேர்த்து, பண்ணைகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. பண்ணை துண்டாகக் கூடாது என்பதால் முழுவதும் ஒரே வாரிசுக்குப் போகும். மற்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பணம், சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பண்ணையைப் பெற்ற வாரிசு இருபது வருடத்துக்குள் நிலத்தை விற்றால், உடன்பிறந்தவர்கள் பங்கு கேட்கலாம். இருபதாவது வருடம் நெருங்கும்போது அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அண்ணன் இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் மொத்தமும் அவருக்கு. தங்கை இந்த வருடமே விற்க வைக்க வேண்டும். வீட்டுமனைத் திட்டம் மன்றத்தில் இருக்கிறது. எழுத்தாளர் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

நான் சொன்ன அந்தப் பாட்டி, பண்ணை கிடைக்காத வீட்டு இளைய மகள். கணவர் வீட்டுப் பண்ணையில்தான் பன்றி வளர்த்தார். ஒரு முறை இப்படி ஒரு சொத்துக் கதை ஓடியபோது, மற்றவர்கள் யார் கொன்றது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் படத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "கொன்றதில் ஆச்சரியமில்லை, இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதுதான் ஆச்சரியம்" என்றார். எந்த விமர்சகரும் அப்படி எழுதி நான் படித்ததில்லை.

ஒப்புதல் வாக்குமூல விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். எண்பத்தைந்தாவது நிமிடத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். வக்கீலைக் கூப்பிடும் உரிமை இருப்பதை அந்த ஐந்து நிமிடம் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

கேள்வி: கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அங்கேயும் இப்படிப் படங்கள் வந்தனவா? சோஷலிச நாட்டில் கொலை நடக்காது என்றுதானே சொல்வார்கள்? (வரலாற்று ஆசிரியை)

பதில்: அங்கேயும் வந்தன டீச்சர், அதுவும் சுடச்சுட. மேற்கில் டாட்டோர்ட் தொடங்கியது 1970 நவம்பரில். 1971 ஜூன் 27 அன்று கிழக்கில் 'போலிட்சைரூஃப் 110' வந்துவிட்டது. 110 என்பது போலீஸை அழைக்கும் எண். ஏன் இவ்வளவு அவசரம்? கிழக்கில் இருந்தவர்கள் ஆன்டெனாவைத் திருப்பி மேற்கத்திய டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரெஸ்டன் பக்கம் போன்ற சில இடங்களில் மட்டும் சிக்னல் எட்டாது. அந்தப் பகுதியை 'ஒன்றும் தெரியாதவர்கள் பள்ளத்தாக்கு' என்று கேலி செய்வார்கள். ஆட்களை இழுத்துப் பிடிக்க அரசுக்கு ஒரு துப்பறியும் தொடர் தேவைப்பட்டது.

நீங்கள் சொன்ன சங்கடம் அவர்களுக்கும் இருந்தது. உள்துறை அமைச்சகம் கதைகளை மேற்பார்வை பார்த்தது. கொலை குறைவு, திருட்டு, மோசடி, குடி, பொறுப்பில்லாத பெற்றோர் என்றுதான் பெரும்பாலும் போகும். அதனாலேயே அந்தப் பழைய படங்களில் அன்றாட வாழ்க்கை அப்படியே பதிவாகிவிட்டது. அடுக்குமாடிப் படிக்கட்டு, கிடைக்காத கார் உதிரிபாகம், ஆலை கேன்டீன் எல்லாம்.

பெர்லின் சுவர் விழுந்தபின் 1990-இல் ஒரு கூட்டுப் படம் எடுத்தார்கள். மேற்கின் ஷிமன்ஸ்கியும் கிழக்கின் போலிட்சைரூஃப் அதிகாரிகளும் ஒரே வழக்கில். நாடு இணைந்து சில வாரங்களிலேயே அது ஒளிபரப்பானது. கிழக்கு ஜெர்மன் தொலைக்காட்சி 1991 முடிவோடு மூடப்பட்டது. இந்தத் தொடர் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று டாட்டோர்ட் ஓடும் அதே ஞாயிறு நேரத்தில் மாறி மாறி வருகிறது. ரோஸ்டாக், மாக்டபர்க், ஹாலே என்று கிழக்கு ஊர்களை நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் அதில்தான்.

கேள்வி: ஜெர்மன் படிக்கிறேன். இந்தப் படங்களைப் பார்த்தால் மொழி வருமா? எங்கிருந்து தொடங்கலாம்? (நர்சிங் முடித்துவிட்டு பி1 தேர்வுக்குத் தயாராகும் வாசகி)

பதில்: வரும்மா, ஆனால் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடு. பவேரியாவில் தொடங்காதே, பயந்துவிடுவாய். சுவிட்சர்லாந்துக்காரர்கள் எடுக்கும் டாட்டோர்ட்டை ஜெர்மனியில் போடும்போது பொது ஜெர்மனில் டப்பிங் செய்தே போடுகிறார்கள், ஜெர்மன்காரர்களுக்கே புரியாது. வடக்கே போ. மூன்ஸ்டர் நல்லது, ஆனால் போர்னே பேசும் நீட்டி முழக்கிய வாக்கியங்களை விட்டுவிட்டு, டீல் பேசுவதைக் கவனி. ஹாம்பர்க் ஆள், சுருக்கமாகப் பேசுவார். சின்ன ஊரின் நகைச்சுவை வேண்டுமென்றால் வைமார் படங்கள். கவிஞர்கள் கோதேயும் ஷில்லரும் வாழ்ந்த ஊரில், முதல் கதையே ஒரு சாஸேஜ் முதலாளியம்மா காணாமல் போவதைப் பற்றியது. 2013 கிறிஸ்துமஸில் வந்தது.

ஏ.ஆர்.டி.யின் இணையக் காட்சியகத்தில் இலவசமாகவே இருக்கின்றன. சில படங்கள் வெளிநாட்டிலிருந்து திறக்காது; சிலவற்றை இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஓட விடுவார்கள். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் எழுத்தை மறக்காமல் போட்டுக்கொள். இங்கே டி.வி.யிலேயே எழுத்துத் தகவல் தரும் டெலிடெக்ஸ்ட்டில் பக்கம் 150. எங்கள் பொது அறையில் அது எப்போதும் ஓடும். தாத்தா பாட்டிகளுக்குக் காது மந்தம், எனக்கு மொழி மந்தம். இரண்டு தரப்புக்கும் பொதுவான வசதி. நீ இங்கே வேலைக்கு வந்தால் நோயாளி சொல்லும் வலியை விளங்கிக்கொள்ள வேண்டும். சாட்சி விசாரணைக் காட்சிகளில் வரும் 'எப்போது, எங்கே, எவ்வளவு நேரம், அதற்கு முன்பு என்ன செய்தீர்கள்' எல்லாம் அதே கேள்விகள்தான். அந்தக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்.

கேள்வி: மூன்ஸ்டரை வைத்து வரும் இன்னொரு தொடரில், புத்தகக் கடைக்காரர் துப்பறிகிறாரே, அதில் எல்லாரும் 'பீலஃபெல்ட்' என்றதும் சிரிக்கிறார்கள். என்ன சமாச்சாரம்?

பதில்: அது இசட்.டி.எஃப்.பின் 'வில்ஸ்பெர்க்'. பழைய புத்தகக் கடை வைத்திருப்பார், கையில் காசு இருக்காது, வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பரைப் பிடித்துக் கோப்புகளைப் பார்க்கச் சொல்வார். நண்பருக்கு வேலை போய்விடுமோ என்று ஒவ்வொரு படத்திலும் நடுக்கம்.

பீலஃபெல்ட் என்பது மூன்ஸ்டரிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நிஜ நகரம். 1994-இல் ஒரு மாணவர், "அப்படி ஒரு ஊரே இல்லை, எல்லாம் சதி" என்று இணையத்தில் விளையாட்டாக எழுதினார். நாடு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. வில்ஸ்பெர்க் எழுதுகிறவர்களும் விடாமல் படத்துக்குப் படம் எங்கேயாவது ஒரு மூலையில் பீலஃபெல்டைச் செருகுகிறார்கள். அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பது ரசிகர்களுக்கு ஒரு தனி ஆட்டம். 2019-இல் அந்த நகராட்சியே, "பீலஃபெல்ட் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ" என்று அறிவித்தது. கடிதங்கள் குவிந்தன, பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. விவகாரம் முடிந்தது என்று சொல்லி நகரத்தின் பழைய பகுதியில் ஒரு பாறாங்கல்லையும் நட்டுவிட்டார்கள். வில்ஸ்பெர்க் குழு அதற்கெல்லாம் அசரவில்லை.